சொட்டு என்று சொன்னால் தப்பு

சைகோனில் எனக்கு மருந்து கலக்கத் தெரிந்திருந்தது. சேலத்தில் வந்து இறங்கியதும் தெரியாதவனாகிவிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று சேலத்து ஜவுளி வியாபாரி ஒருவர் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் தமக்கிருந்த கடைக்குக் கணக்கெழுத அழைத்துப் போனார். பாய் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கடைக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரின் மருந்துக்கடை இருந்தது. அந்த வாசனை என்னை இழுத்தது. பாயிடம் சொல்லிக்கொண்டு அங்கே சேர்ந்தேன். சீசா கழுவினேன், மாத்திரை உருட்டினேன், கடைசியில் அந்த ஊர்ப் பரீட்சையும் தேறினேன். பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. பாய் கடையைக் கட்டினார், மருந்துக்கடையும் ஆளைக் குறைத்தது. இரண்டு பேரும் ஒரே கப்பலில் திரும்பினோம்.

அப்போது மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலையாட்களின் ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். என் சர்டிபிகேட்டைக் குமாஸ்தா நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“என்ன பாஷைப்பா இது?”

“பிரெஞ்சுங்க.”

“இங்க வர்றவனுக்குப் பிரெஞ்சுக் காய்ச்சலா அடிக்குது? மெட்ராசுக்குப் போய் கவர்ன்மெண்டு பரீட்சை பாஸ் பண்ணிட்டு வா. இடம் காலியாத்தான் கிடக்கும், பயப்படாதே. இந்தக் காட்டுக்கு எவன் வரப்போறான்?”

அந்த இடம் கிடைத்தால் மருந்துக்காரன். கிடைக்காவிட்டால் அப்பாவோடு கடலைக்காட்டுக்குப் போகவேண்டும். காட்டு வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதுவும் என் கைக்கு மறந்து போயிருந்தது.

சேலம் ஸ்டேஷனை ஒட்டிய சூரமங்கலத்தில், ரயில்வே வீடுகளுக்குப் பின்னால், பாய்க்கு ஒரு பழைய கிடங்கு இருந்தது. அதில் ஓர் அறையை எனக்கு விட்டுவிட்டார். பகலெல்லாம் அங்கே உட்கார்ந்து படித்தேன். படித்தேன் என்பதைவிட மறந்தேன் என்று சொல்லலாம். என் கை கிராமில் நினைத்தது. இங்கே கிரெய்ன், டிராம், அவுன்ஸ். நீர் மருந்துக்கு மினிம் என்ற அளவு. அதற்குக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் உண்டு. சைகோனில் வீரியமான மருந்தைச் சொட்டுக் கணக்கில்தான் கொடுப்போம். அதற்கென்றே ஒரே அளவாகச் சொட்டும் குழாய் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, விழும் ஓசையை வைத்தே எண்ணுவேன். அந்தப் பழக்கம் மட்டும் போக மறுத்தது.

பரீட்சையில் ஒரு சீசாவை எடுத்து நீட்டிப் பெயரும் அளவும் கேட்பார்களாம். கேட்க எனக்கு ஆள் இல்லை. நானே கேட்டு நானே பதில் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்த வந்த அம்மாள் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்த பிறகு மெதுவாகப் பேசினேன். சில நாள் ஓட்டலில் “இன்னும் கொஞ்சம் சாம்பார்” என்று சொன்னதுதான் மனிதர்களோடு நான் பேசிய பேச்சு. ரயில் நின்று புறப்படும் சத்தம் கேட்கும்போதெல்லாம் யாரோ என்னைத் தேடி இறங்கியிருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வரும்.

தேடி வந்தவர் அப்பா ஒருவர்தான். எங்கள் ஊர் சங்ககிரிக்கு இந்தப் பக்கம். செவ்வாய்க்கிழமை சந்தைக்கு மூட்டை ஏற்றி வருவார், வந்தால் என் அறைக்கும் வருவார். ஆனால் நான் விட்டுப்போன அப்பா அல்ல அவர். கப்பலேறுமுன் நான் அவருக்கு “டேய்”. திரும்பி வந்த அன்று ஸ்டேஷனில் என்னைப் பார்த்து, “வாங்க சாமி” என்றார்.

“ஏனுங்கப்பா, என்னைப் போயி வாங்கங்கறீங்க?”

“சீமைக்குப் போயிட்டு வந்தவங்கள வாடா போடாங்கலாமுங்களா?”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்படியே நிலைத்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவரையே கேள்வி கேட்கச் சொன்னேன். வெறும் சீசாக்களில் மருந்துப் பெயர் எழுதி ஒட்டி வரிசையாக வைத்திருந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் என்ன, கைக்கு வந்ததை எடுத்து நீட்டினால் போதும்.

“இது என்னதுங்க சாமி?”

பெயர் சொல்வேன், அளவு சொல்வேன்.

“செரிங்க. இது?”

நன்றாகத்தான் போயிற்று. நாலைந்து வாரம் கழித்து ஒரு நாள் எனக்கு என்னவோ தோன்றியது. அவர் நீட்டிய சீசாவைப் பார்த்து, “டிங்க்சர் நக்ஸ் வாமிகா. ஒரு செம்பு நெறயக் குடிக்கலாம்” என்றேன்.

“செரிங்க. இது?”

“அப்பா, அது எட்டிக்கொட்டைச் சத்துங்க. ஒரு செம்பு குடிச்சா ஆளு அவ்வளவுதான்.”

சீசாவைச் சட்டென்று கீழே வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “அப்பறம் ஏஞ் சாமி குடிக்கலாம்னீங்க?”

“நீங்க கண்டுபுடிப்பீங்களான்னு பாத்தேன்.”

“நீங்க சொன்னா செரியாத்தானுங்க இருக்கும்” என்றார் சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். அவர் போன பிறகு சீசாக்களைத் துடைக்க எடுத்தவன் துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நான் எதைச் சொன்னாலும் சரி. அணை கட்டும் அத்தனை பேருக்கும் விஷம் கொடுப்பேன் என்றாலும் சரி. கப்பலில் நடுக்கடலில்கூட நான் அப்படித் தனியாக உணர்ந்ததில்லை.

பரீட்சைக்குச் சென்னை போனேன். எழுத்துப் பரீட்சை மோசமில்லை. மறுநாள் மேசை நிறைய சீசாக்கள், எதிரே நரைத்த மீசைக்காரர் ஒருவர். இங்கிலீஷில் கேட்டார். அவர் எடுத்ததும் நக்ஸ் வாமிகாதான்.

பத்துச் சொட்டு என்றேன்.

“சொட்டா?” தமிழுக்கு வந்துவிட்டார். “யார் சொட்டு? உன் சொட்டா, என் சொட்டா? தண்ணீர் ஒரு அளவாச் சொட்டும், ஸ்பிரிட் ஒரு அளவாச் சொட்டும். தப்பு.”

எனக்கும் அது தெரியும். அதற்காகத்தானே அந்தக் குழாய் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்ததெல்லாம் பிரெஞ்சு. அடுத்த சீசாவுக்கும் சொட்டு என்றேன். அதற்கடுத்ததற்கும். “போகலாம்” என்றார்.

தேறியவர் பட்டியலில் என் பெயர் இல்லை. ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஆனால் அந்த “தப்பு” காதிலேயே இருந்தது. ஊர் திரும்பிய பிறகு என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவர் மேல் கோபமே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பா வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மேல்துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“மேட்டூருல இடம் போயிருச்சுங்களா?”

“இல்லீங்க. இன்னொரு தடவை எழுதலாம்.”

“செரிங்க.”

“அந்தச் செரியத்தானுங்கப்பா வேண்டாங்கறேன்” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நா சொட்டுன்னு சொன்னா மட்டும் தப்புன்னு சொல்லுங்க. மத்ததெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டாம். சொட்டுன்னா தப்பு.”

“சொட்டுன்னா தப்பு” என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். சீசாவை எடுத்தார். முதலில் ஒன்றும் இல்லை. மினிம், மினிம், அவுன்ஸ். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஏழாவதோ எட்டாவதோ, என்னை அறியாமல், “அஞ்சு சொட்டு” என்றேன்.

“தப்புடா!”

கிடங்கே அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழ ஆரம்பித்தது. அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு, “புடிச்சனா? புடிச்சனாடா?” என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலும். வாயைப் பொத்தப் போனார்.

“அப்படியே கேளுங்கப்பா” என்றேன். “நிறுத்தாதீங்க.”

அடுத்த தடவை அதே மீசைக்காரர்தான். என்னை அவருக்கு நினைவில்லை. ஒரு டிங்க்சரை நீட்டினார். வாயில் சொட்டு வந்து நின்றது, கூடவே அப்பாவின் சத்தமும். விழுங்கிவிட்டு, “பத்து மினிம்” என்றேன். அடுத்த சீசாவை எடுத்தார். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வைத்தார்.

தேறிவிட்டேன் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தபோது பக்கத்தில் நின்றவர்கள் யாரும் தெரிந்தவர்கள் இல்லை. சூரமங்கலத்துக்கு வந்து அறையைத் திறந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. சந்தைக்கு இன்னும் நாள் இருந்தது. சீசாக்களைத் துடைத்து, மேட்டூருக்கு மூட்டை கட்டாமல், அப்பா வந்து எடுத்து நீட்ட வரிசையாகவே வைத்தேன்.