வல்லத்தில் எங்கள் ரேங்க்

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் எங்கள் இன்ஜினியரிங் கல்லூரியின் பேனர் வரும். தேசிய அளவில் நாங்கள் வாங்கிய ரேங்க் அதில் ஆள் உயரத்துக்கு நிற்கும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பக்கம் இருக்கும் கல்லூரிக்கு தினமும் கல்லூரி பஸ்ஸில் போகிறவள் நான், கணக்குப் பாடம் எடுக்கிறவள். அதனால் அந்த எண்மீது எனக்கு எப்போதும் ஒரு கண். பட்டியல் போட்டவர்கள் எங்களுக்கென்று தனி இடம் எதுவும் கொடுக்கவில்லை. இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணுக்குள் எங்கேயோ இருக்கிறீர்கள் என்று ஒரு கும்பலோடு சேர்த்து நிற்க வைத்திருந்தார்கள். எங்கள் தாளாளர் அதில் சின்ன எண்ணை எடுத்துக்கொண்டார்.

ரேங்க்கில் நற்பெயருக்கும் மதிப்பெண் உண்டு. வெளியில் இருக்கும் நாலு பெரிய மனிதர்கள் எங்களைப் பற்றி ஆன்லைன் படிவத்தில் நல்லதாகச் சொல்ல வேண்டும். பெரிய மனிதர்களுக்கு எங்கே போவது? ஆளாளுக்குச் சொந்தக்காரர்களைப் பிடித்தோம். திண்டிவனத்தில் பைப்பும் ஆணியும் விற்கும் என் கொழுந்தனார் தொழில்துறை வல்லுநர் ஆனார்.

"அண்ணி, 'சிறப்பு'ன்னு தட்டுனா போதுமா, 'மிகச் சிறப்பு'ன்னு தட்டணுமா?" என்று போனில் கேட்டார்.

"மிகச் சிறப்பு."

"உங்க காலேஜ் பஸ்ஸு தெனிக்கும் என் கடை வாசல மறிச்சிக்கினுதான் நிக்குது. ஒரே பேஜாரு. அத எழுத எடம் இருக்குதா?"

அதற்கு இடம் இல்லை.

இப்படிச் சேர்த்த நற்பெயரை நோட்டீஸில் அச்சடித்து, மே மாதம் வந்தால் ஆசிரியர்கள் நாங்களே ஊர் ஊராகப் போய் ஆள் பிடிப்போம். மூன்றாண்டுகளுக்கு முன் எனக்கும் எங்கள் துறைத் தலைவருக்கும் வல்லம் பக்கம் விழுந்தது. அவர் மே மாத வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ரேங்க்கை எடுத்து நீட்டினார். யாரும் அதைக் கையில் வாங்கி விசிறிக்கொண்டதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. பஸ் ஊருக்குள் வருமா என்று கேட்டார்கள். அடுத்த கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

"அந்த மிஷின்கார புள்ள உங்க காலேஜிதான? அவன் தங்கச்சிய எங்க சேக்கிறான்?"

இந்தப் பக்கத்து ஊர்களில் அப்படித்தான். தெருவில் முதலில் படித்தவன் என்ன சொல்கிறானோ, அதைப் பார்த்துத்தான் மற்ற வீடுகள் அசையும். அந்தத் தெருவில் எங்களிடம் முதலில் படித்தவன் என் பழைய மாணவன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மிஷின் ஓட்டுகிறான், ரிப்பேரும் பார்க்கிறான். அந்த வேலையை எங்களிடம் சேருவதற்கு முன்பே செஞ்சியில் அவன் மாமாவிடம் கற்றுக்கொண்டு வந்தவன். ஆனால் எங்கள் ஆண்டறிக்கையில் அவன் 'கல்லூரி உருவாக்கிய தொழில்முனைவோர்'. இப்போது அவன் தங்கை பிளஸ் டூ முடித்திருந்தாள். அவளை எங்களிடம் சேர்த்தால் தெருவே பின்னால் வரும் என்று துறைத் தலைவருக்கு ஒரே பரபரப்பு.

அவன் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தங்கை வேகவைத்த மல்லாட்டை ஒரு தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"சார், எனக்கு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கணும். லேப்ப தெனிக்கும் தொறப்பீங்களா, இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கி மட்டுமா?" என்று கேட்டாள். அண்ணன் எல்லாம் சொல்லிவைத்திருக்கிறான் என்று புரிந்தது.

"ரேங்க்கைப் பாரும்மா" என்று துறைத் தலைவர் நோட்டீஸைத் தள்ளினார்.

"ரேங்க்கு கெடக்கட்டும் சார்" என்றான் அண்ணன். "எங்களுக்கு ஒரே வருசத்துல கணக்குக்கு மூணு பேரு மாறுனாங்க. மேடம் வந்து நின்னு சொல்லிக்குடுத்த அப்பறந்தான் நான் அரியர முடிச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். "மேடம், இவ படிச்சி முடிக்கிற வரைக்கும் நீங்க அங்க இருப்பீங்களா? நீங்க இருந்தா சேத்துட்றேன்."

எடுத்த மல்லாட்டையைத் தட்டிலேயே போட்டேன். அடுத்த வாரம் சென்னையில் ஒரு கல்லூரியில் எனக்கு இன்டர்வியூ. வீட்டுக்காரர் தாம்பரம் பக்கம் வாடகை வீடுகூட விசாரித்துவிட்டார். துறைத் தலைவருக்கு இது எதுவும் தெரியாது. அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலப்பா. சென்னையில வேல கேட்டுக்கினு இருக்கேன்" என்றேன்.

துறைத் தலைவரின் ஷூ என் காலை மிதித்தது. அவன் கோபப்படவில்லை. "சரிங்க மேடம்" என்று தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினான். தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது துறைத் தலைவர் டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தார். "உங்கள யாராவது உண்மையச் சொல்லச் சொன்னாங்களா மேடம்?"

"சொன்னானே சார். அவன் கேட்டதே அதைத்தான்."

 வேறு இன்ஜினியரிங் கல்லூரி எதையும் அண்ணன் நம்பவில்லை; அந்தப் பெண் விழுப்புரம் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு சேர்ந்தாள். அந்தத் தெருவில் பிளஸ் டூ முடித்த பெண்கள் எல்லாரும் அவளோடு அதே டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். நல்ல காரியம் செய்தோம் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

சென்னை இன்டர்வியூவில் எங்கள் கல்லூரிப் பெயரைச் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர், அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். ரேங்க்கைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுக்கும் அதே ரேங்க்காம். அதே கும்பல், அதே சின்ன எண். வாசலில் அவர்களும் பேனர் வைத்திருந்ததைத் திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். வேலை கிடைக்கவில்லை. அதற்கப்புறம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்காரருக்கு அலுப்பு, எனக்கு சோம்பல். அங்கேயே இருந்துவிட்டேன்.

இந்த மே மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் கல்லூரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். அவள்தான். பி.எஸ்சி. கடைசிப் பரீட்சை முடிந்துவிட்டதாம்.

"சென்னையிலருந்து எப்ப வந்தீங்க மேடம்?"

"போகவே இல்லம்மா."

 "அப்ப இத்தினி வருசமும் அங்கியேதான் இருந்தீங்களா?"

"அங்கதான். இன்னும் அதே கணக்குதான் எடுக்கிறேன்."

"எனக்கு இன்ஜினியரிங்தான் மேடம் ஆச" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை. ஊருக்கு எந்த பஸ் போகும் என்று சொல்வதுபோல் சொன்னாள். "பரவால்ல. கணக்கும் நல்லாத்தான் இருக்குது."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொய் சொல்லியிருந்தால் அவள் ஆசைப்பட்டதைப் படித்திருப்பாள். அந்தப் பொய் பொய்யாகவும் ஆகியிருக்காது. மன்னிப்பு கேட்கலாமா என்று வாயைத் திறந்தேன், எதற்கென்று சொல்லத் தெரியவில்லை.

அதற்குள் எங்கள் பஸ் வந்து நின்றது. பக்கவாட்டில் இந்த வருடத்து ரேங்க்கைப் புதிதாக ஒட்டியிருந்தார்கள். அவள் தலையைச் சாய்த்துப் படித்தாள்.

"ரேங்க்கு ஏறிக்கினே போவுது போல மேடம்."

"ஆமாம்மா" என்றேன். எனக்கு அழுகை வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி திரும்பும்வரை அவள் கையசைத்துக்கொண்டிருந்தாள்.