எந்த நாட்டு ராசா

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்று சொல்லுவார்கள். ஒருவனுக்கு எப்போது விடியும் என்ற நினைப்பு, மற்றவனுக்கு எப்போது பொழுது சாயும் என்ற நினைப்பு. திருகோணமலைத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டே கூத்தும் ஆடியவர்கள் சிலரோடு நான் பழகியிருக்கிறேன். அவர்கள் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. வேலை முடிந்தால் முதுகு சாய்க்க இடம் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

எல்லாரும் மலைநாட்டுத் தோட்டங்களில் பிறந்தவர்கள். அங்கே அடிதடியும் தீவைப்பும் நடந்த பிறகு குடும்பத்தோடு இறங்கி வந்து பாலையூற்றில் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். மலையில் தங்கள் சனம் பறித்த கொழுந்து பெட்டியாகி இங்கே வந்து சேர, அதையே தோளில் சுமந்தார்கள். நான் ஊர்க்காரன்; அதே இறங்குதுறையில் பாரம் ஏற்றும் வின்ச் ஓட்டினேன். ஏதோ பாட்டுக் கட்டுவேன் என்று கேள்விப்பட்டு, அவர்களுக்குக் கூத்துப் பழக்கிய வாத்தியார் என்னைத் தேடி வந்தார். அவரும் பெட்டி சுமப்பவர்தான்.

அவர் மனதில் ஒரு பழைய கூத்து இருந்தது. நாட்டை இழந்த ராசா வேறொருவர் வாசலில் எடுபிடி வேலை செய்கிற கதை. அதை இன்றைக்கு நடக்கிற கதையாக்க வேண்டும் என்றார். ராசா ரயிலில் வந்து இறங்குவார், துறைமுகத்தில் பெட்டி சுமப்பார். மார்புக் கவசம், தோளணியான புசகீர்த்தி எல்லாம் வேண்டாம், தோளில் சாக்கு. தலையில் மணிமுடி மட்டும் இருக்கட்டும். விடிய விடிய ஆடியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் சுருக்க வேண்டும், அடுத்த நாள் வேலை இருக்கிறது.

ஒன்றை மட்டும் அவர் மாற்ற விடவில்லை. ராசாவின் வரவு. திரைச்சீலைக்குப் பின்னால் ராசா நிற்க, பின்பாட்டுக்காரர்கள் ‘எந்த நாட்டு ராசா’ என்று கேட்டுப் பாடுவார்கள். ராசா ஆடிக்கொண்டு வெளியே வந்து தன் நாட்டைச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை பாட்டும் நிற்காது, மத்தளமும் நிற்காது, ராசா உட்காரவும் கூடாது.

“சொல்லாம உக்காந்தா அவன் ராசா இல்லீங்க. வழிப்போக்கன்” என்றார் வாத்தியார்.

ராசா வேசம் கட்ட வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவர் குடும்பத்துக்கு இந்தியா போகும் முறை வந்துவிட்டது. அடுத்த மாதம் தலைமன்னாரில் கப்பல். ஒருநாள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, நான் கேளாமலே சொன்னார்:

“போறதுக்கு முந்தி ஒரு தடவை ராசா கட்டிறணும்ங்க. வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து சேவகந்தான் கட்டியிருக்கேன்.”

அவருக்காக நான் ‘நாடிழந்து வந்தேனே’ என்று உருக்கமாக ஒரு தருப்பாட்டுக் கட்டினேன். ஒத்திகையில் அவர் அதைப் பாடியதும் மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் அவருடைய இராகத்தில்தான் பிழை என்று நினைத்தேன். பிறகு வாத்தியார் விளங்கப்படுத்தினார். தோட்டத்தில் நாடு என்றால் கீழே இருக்கிற சிங்களக் கிராமமாம். பலாக்காயும் வெற்றிலையும் விற்க வருகிறவர்கள் நாட்டார்கள். வெற்றிலை வாங்கப் போன இடத்தை இழந்ததற்கா ஒரு ராசா அழுகிறார் என்றுதான் சிரிப்பு.

சரி, ஊர் என்று மாற்றினேன். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது. அவர்களுக்கு ஊர் என்றால் இந்தியா. ஊருக்குப் போவதென்றால் கப்பல் ஏறுவது. கண்ணால் காணாத ஊரை எப்படி இழப்பது? தோட்டம் என்று போட்டுப் பார்த்தேன். “தோட்டத்துக்குத் தொரைதாங்க ராசா” என்றார் வாத்தியார். எல்லாருக்கும் அலுத்துப் போனது. ஆட்டத்தன்று வாயில் வருகிற பெயரைச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஆட்டத்துக்கு முந்தின கிழமை முழுதும் கப்பல்கள் அடுத்தடுத்து வந்தன. பகல் வேலையோடு மேலதிக வேலையும். பொழுது சாயும்போது கோயில் வெளியில் தொடங்கினோம். பட்டினத்துச் சனம் இருந்தது, நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் இருந்தார்கள். மூதூர் லாஞ்சைத் தவறவிட்ட கருவாட்டு முதலாளி ஒருவரும் முன்னால் வந்து குந்திக்கொண்டார்.

திரை விலகியது. முதல் சுற்று நன்றாகவே ஆடினார். ‘எந்த நாட்டு ராசா’ என்று கேட்டார்கள். வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. மறுபடி கேட்டார்கள். மறுபடி சுற்றினார். நாய் வேசம் போட்டால் குரைக்கத்தான் வேண்டும். ராசா வேசத்துக்கு நாடு வேண்டுமே. முகப்பூச்சு வியர்வையில் வழிந்து கழுத்துக்கு வந்துவிட்டது. ஆறு நாள் பெட்டி சுமந்த முழங்கால் மடியத் தொடங்கியது. “ராசாவுக்கு விலாசம் மறந்துபோச்சுது” என்று பின்னாலிருந்து ஒரு இளந்தாரி சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். வாத்தியார் என்னைப் பார்த்தார். பின்பாட்டு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

கருவாட்டு முதலாளி எழும்பினார்.

“எந்த நாட்டு ராசாவா இருந்தா என்ன வாத்தியார், அந்த மனுசனுக்குக் கால் நோகுது. முதல்ல இரிக்க விடுங்க.”

இந்த முறை சிரிப்பு வரவில்லை. வாத்தியார் மத்தளக்காரரின் கைமேல் தன் கையை வைத்தார். சத்தம் நின்றது. ஆட்டத்துக்காக வைத்திருந்த தேயிலைப் பெட்டிமேல் ராசா குந்தி இருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கினார். சனம் பொறுத்திருந்தது. பிறகு இருந்தபடியே அடுத்த தருவைப் பாடினார். அதற்குப் பிறகு கடைசிவரை ஒருவரும் அவரிடம் நாடு கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்து பூச்சைத் துடைக்கும்போது பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“ராசா மாதிரி இருந்துச்சுங்களா?” என்றார்.

“ஓம்.”

“சொல்லாம உக்காந்துட்டேனே.”

“இருந்தாப் பிறகுதான் நீங்கள் ராசா மாதிரி இருந்தனீங்கள்” என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேநீரைக் குடித்தார். காலை ஏழு மணிக்குத் துறையில் நின்றார்.

அடுத்த மாதம் குடும்பத்தோடு ரயில் ஏறிப் போய்விட்டார். நிலாவெளியில் அதே கூத்தை ஆடச் சொல்லிக் கேட்டார்கள். வாத்தியார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவருக்கு இடுப்பு நோவு, ஒருவருக்குத் தொண்டை கட்டு, மற்றவர் தனக்குச் சேவகனே போதும், சேவகனிடம் யாரும் நாடு கேட்க மாட்டார்கள் என்றார். தானே ராசா கட்டுவதாக வாத்தியார் சொன்னார். பிறகு அவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.