பால்மேல் விழுந்த பழி

கலைவாணி தென்னேரியிலிருந்து பெரிய காஞ்சிபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்து ஐந்து வருடமாகிறது. புருஷன் குரு பட்டு நெய்கிறான், இவள் அவனுக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கிறாள். அவளுக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது என்று தெருவில் பெயர். மகள் காயத்ரியின் கரப்பான் பேச்சு வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள்.

பிறந்த ஐந்தாம் மாதம் குழந்தையின் கன்னம் சிவந்தது. பிறகு முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு. சொறிந்து சொறிந்து நீர் கசியும். மாமியார் நீலாம்பாள் ஒரே பார்வையில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள், பெரிய படிப்புப் படித்தவள் பாருங்கள். தாய்ப்பால்தான் சரியில்லை, எங்கள் வம்சத்தில் யாருக்கும் இந்தக் கண்றாவி கிடையாது என்றாள். கலைவாணி கருவாட்டை விட்டாள், கத்திரிக்காயை விட்டாள், மோரைக்கூட விட்டாள். பேச்சு நிற்கவில்லை. எட்டாம் மாதம் வேப்பிலையை அரைத்து மார்பில் தடவிக்கொண்டாள். குழந்தை வாயை வைத்துவிட்டு முகம் சுளித்து அவளையே பார்த்தது. குரு தறியில் குனிந்திருந்தான். பாலை நிறுத்து என்றும் சொல்லவில்லை, நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை.

பால் நின்றது, கரப்பான் நிற்கவில்லை. களிம்பு போட்டால் அடங்கும், விட்டால் திரும்பி வரும். காயத்ரிக்கு இரண்டரை வயதானபோது ஆயுர்வேத டாக்டரம்மா ஒருவரிடம் போனார்கள். குடும்பத்தில் யாருக்காவது இது இருந்ததா என்றுதான் அவர் முதலில் கேட்டார். இல்லை என்றான் குரு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். சோப்புக்குப் பதில் பயத்தமாவு, மேலுக்குத் தைலம், உடம்பு கழுவ ஒரு கஷாயம், கொஞ்ச நாளைக்குப் பத்தியம் என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அந்தப் பழுப்புக் கஷாயத்தைப் பார்த்ததும் காயத்ரி வீடே இடிந்து விழுகிற மாதிரி அலறினாள். குரு தறியிலிருந்து எழுந்து வந்து மகள் பக்கத்தில் குந்தினான்.

“மடிப்புல மட்டும் எரியும்மா. பத்து எண்ணறதுக்குள்ள சில்லுனு ஆயிடும். அப்பறம் தோலு இறுக்கிப் புடிச்சா மாரி இருக்கும், சொறியக் கூடாது, இன்னா?”

கலைவாணியின் கையில் சொம்பு அப்படியே நின்றது. இது யாரும் சொல்லித் தெரிகிற விஷயமா? பட்ட உடம்புக்குத்தான் தெரியும்.

“உங்களுக்கு எப்டிங்க தெரியும்?”

அவன் முதலில் மழுப்பினான். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஏழு வயது வரை அவனுக்கும் இதே கரப்பான், இதே மாதிரி ஒரு கஷாயம். பெண் பார்க்கப் போகும்போதே அதை வெளியில் சொல்லக் கூடாது என்று நீலாம்பாள் வாயைக் கட்டியிருக்கிறாள். அதுதான் எப்போதோ போய்விட்டதே, இப்போது எதற்கு என்று அவனும் விட்டுவிட்டானாம்.

மாமியார் பொய் சொன்னது கலைவாணிக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் இவன்? வேப்பிலை அரைத்த அம்மிச் சத்தம் கேட்கிற தூரத்தில்தானே உட்கார்ந்திருந்தான்? எனக்கும் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குழந்தை இன்னும் ஒரு வருடம் பால் குடித்திருக்கும். கட்டினவனே கழுத்தை அறுத்துவிட்டான். அன்றைக்கு அவள் தார் சுற்றவில்லை, யாரோடும் பேசவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மாவிடம் மறுபடி போனபோது, குருவையும் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்ததும், சின்ன வயதில் இவருக்கும் கரப்பான் இருந்தது, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். டாக்டரம்மா எழுதினார். காயத்ரியின் கையைத் திருப்பிப் பார்த்தார், சிவப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. தாய்ப்பால் எத்தனை மாதம் கொடுத்தீர்கள் என்று கேட்டார். எட்டு மாதம் என்றாள் கலைவாணி.

“அப்பாகிட்ட இருந்து வந்திருக்கலாம்மா. உங்க பால் மேல ஒரு தப்பும் இல்லியே. ஏன் நிறுத்துனீங்க?”

கலைவாணி பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ சொல்லு,” என்றாள்.

ஐந்து வருடமாக அவனை நீங்க என்று மட்டுமே அழைத்தவள் அவள். குரு குனிந்துகொள்ள அங்கே தறி இல்லை.