எட்டே முக்கால் பஸ்ஸில் ஒரு கொரியத் தொடர்

நான் எதையும் உருப்படியாகப் பார்க்கிற ஆள் இல்லை. படமோ தொடரோ, பத்துப் பத்து விநாடியாகத் தள்ளித் தள்ளித்தான் பார்ப்பேன். பாட்டு வந்தால் தள்ளுவேன், சண்டை வந்தால் தள்ளுவேன், அம்மாவாக நடிப்பவர் அழ ஆரம்பித்தால் நிச்சயம் தள்ளுவேன். பாதி பார்த்துவிட்டு முழுசாகக் கருத்து சொல்வதில் மட்டும் குறை வைத்ததில்லை. “இப்ப வர்ற படத்துல ரத்தம் ஜாஸ்தி, கதை கம்மி” என்று ஆரம்பித்தால் என் கணவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். கல்லூரி அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் நான்கு பேர் வேறு வழியில்லாமல் கேட்பார்கள்.

பார்ப்பதெல்லாம் பஸ்ஸில்தான். தவளக்குப்பத்தில் எட்டே முக்காலுக்கு ஏறினால் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர அரை மணி நேரம். அரியாங்குப்பம் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டால் முக்கால் மணி நேரம்கூட ஆகும்.

சென்ற வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. பெரிய மார்க்கெட்டில் கருவாடு விற்கும் ஓர் அக்காவுக்குப் பக்கத்து இடம். காலடியில் இரண்டு சாக்குப் பைகள். வாடைக்குப் பயந்து யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். எனக்குக் கால் வலி, உட்கார்ந்துவிட்டேன். வழக்கம்போல் போனை எடுத்து, புதிதாக இறக்கி வைத்திருந்த கொரியத் தொடரைப் போட்டேன். கடற்கரை ஊர் ஒன்றில் சின்னச் சாப்பாட்டுக்கடை நடத்தும் அக்கா தங்கை இருவரின் கதை. மூத்தவள் புருஷனை விட்டு வந்தவள். தமிழில் பேச வைத்திருந்தார்கள்.

பாலம் தாண்டும்போது பக்கத்திலிருந்து அந்த அக்காவின் விரல் திரைக்கு வந்தது.

“இந்தாம்மா, அது இன்னா மீனு?”

திரையில் கடலோரமாகக் கொடி கட்டி, வரிசையாக எதையோ காய வைத்திருந்தார்கள்.

“தெரியலக்கா. கணவா மாதிரி இருக்கு.”

“கணவாதான். அவுங்களும் கருவாடு போடுறாங்களா?” கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “மணல்ல போடாம தொங்கவிட்டு இருக்காங்க. நாயி வராது. நல்ல ரோசனை.”

மறுநாள் எனக்காக ஜன்னல் ஓரத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தார். போன் வெயிலில் மங்காமல் இருக்க முந்தானையை விரித்து மறைப்பு கட்டினார். என்னிடம் இருந்தது ஒயர் இல்லாத இயர்போன். ஒன்றை அவரிடம் கொடுத்தேன். காதில் நிற்கவில்லை. விழுந்துவிடும் என்று முதலியார்பேட்டை வரை கையால் பிடித்துக்கொண்டே வந்தார். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய மாதிரி ஒயர் வைத்த இயர்போன் ஒன்று வாங்கினேன். ஆளுக்கொரு காது.

முதல் தகராறு தள்ளுவதில் வந்தது. தங்கை மீன் அரிந்துகொண்டிருந்தாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் யாரும் பேசவில்லை. என் கட்டை விரல் தன்னால் திரைக்குப் போனது. அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

“ஏம்மா தள்ளுற?”

“ஒண்ணும் நடக்கலியேக்கா.”

“மீன் அரியறா இல்ல? அது நடக்குதே. நம்ம சீரியல்ல எவளாச்சும் வேல செய்யறாளா? பட்டுப் பொடவ கட்டிக்கினு பூஜை ரூம்புல நின்னு ஒருத்திய ஒருத்தி மொறைக்கறாளுங்க. அவளுங்க வூட்ல யாரு சோறாக்கறது?”

போனை அப்படியே ஓட விட்டேன். அதற்கு முன்பு நான் எந்தத் தொடரைப் பற்றியும் அப்படிக் கேட்டதில்லை.

இரண்டாவது தகராறு பெரியது. ஒரு சனிக்கிழமை மாலை மனசு தாங்காமல் வீட்டில் இரண்டு பாகங்களைப் பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை எதுவும் சொல்லாமல் அதற்கு அடுத்ததைப் போட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இயர்போனைக் கழற்றினார்.

“வெள்ளிக்கிழம தங்கச்சிக்காரி ஆஸ்பத்திரில படுத்துங் கெடந்தா. இன்னிக்கு சைக்கிள் ஓட்டுறா. நடுவுல இன்னா ஆச்சு?”

“சரியாயிடுச்சுக்கா.”

“எப்பிடி ஆச்சு? யாரு பாத்துக்கினது? நீ வூட்ல பாத்துட்ட.”

அன்று பஸ் ஸ்டாண்டு வரை அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார். மறுநாள் விட்ட இடத்திலிருந்து போட்டேன். இனிமேல் இந்தத் தொடர் பஸ்ஸில் மட்டும்தான் என்று நானே சொன்னேன். “சொன்னா சரி” என்றார்.

இடையில் தீபாவளிக்கு வந்த ஒரு பெரிய படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கதாநாயகன் மீனவன். நான் தியேட்டரில் பார்த்து, கேமரா பிரமாதம் என்று அலுவலகத்தில் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா தன் மருமகனோடு போயிருந்தார். அவர் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள்.

“எப்பிடிக்கா படம்?”

“வில்லன் இவன் மீன்புடி போட்டுக்கு நெருப்பு வெக்கறான். இவன் கரையில நின்னு வசனம் பேசறான். போட்டு எரியறப்ப எவன்மா வசனம் பேசுவான்? எம் மருமவன் சீட்ட வுட்டு எழுந்துட்டாப்ல, தண்ணி ஊத்தப் போற மாதிரி.”

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேமரா எனக்கு இன்னும் பிரமாதம்தான். நான் மிகவும் விரும்பும் ஒரு மெதுவான மலையாளப் படத்தை அவருக்கு ஒரு நாள் போட்டுக் காட்டினேன். முருங்கப்பாக்கத்துக்குள் தூங்கிவிட்டார். எழுந்ததும், “மழ நல்லா பேஞ்சுது” என்றார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கொரியத் தொடரில் கடைசி இரண்டு பாகங்கள் பாக்கி இருந்தபோது அவர் வருவது நின்றுவிட்டது. முதல் இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆனது. அலுவலகத்தில் இருவர் அதே தொடரை என் பேச்சைக் கேட்டு ஆரம்பித்து முடித்தும்விட்டார்கள். முடிவைப் பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தால் நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் காலியாகவே கிடைத்தது. போனைத் திறப்பேன், அந்தத் தொடரின் படம் தெரியும், மூடிவிடுவேன். சொன்ன சொல்லுக்காக நான் ஒன்றைப் பார்க்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பத்தாம் நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். பூக்கடைகளைத் தாண்டி, மீன் கடைகளுக்குப் பின்னால் கருவாட்டு வரிசை. பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாதது அப்போதுதான் உறைத்தது. தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“போன்ல படம் காட்டுற பொண்ணு நீதானா?”

“ஆமாங்க.”

“அவ பொண்ணுக்குக் கொழந்த பொறந்துருக்கு. வூட்லதான் வெச்சிப் பாத்துக்கினு இருக்குறா. இன்னும் ஒரு மாசம் ஆவும். படத்த நிறுத்தி வெக்கச் சொல்லிச் சொன்னா.”

அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பினேன். அலுவலகத்தில் அந்தப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டேன்.

ஒரு மாசம் என்றது ஒன்றரை மாசம் ஆனது. வந்த அன்று அக்கா இளைத்திருந்தார். பேரனின் படத்தை அவருடைய சின்ன போனில் காட்டினார், கண்ணும் மூக்கும் புரியவில்லை, அழகாக இருக்கிறான் என்றேன். பிறகு ஆளுக்கொரு காது மாட்டிக்கொண்டோம். இரண்டு நாளில் கடைசிப் பாகத்துக்கு வந்துவிட்டோம்.

அதில் மூத்தவளின் புருஷன் கடையைத் தேடிக்கொண்டு வருகிறான். கதவு திறக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. யார் என்று இன்னும் காட்டவில்லை. பக்கத்தில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் படத்தை நிறுத்தினேன்.

“அக்கா, நீங்க பாத்துட்டீங்க.”

அவர் காதிலிருந்த இயர்போனைச் சரிசெய்துகொண்டார்.

“பொண்ணு அது போன்ல போட்டுச்சும்மா. கொழந்த என் மடியில தூங்குது. எழுந்து போனா முழிச்சுக்கும். கண்ண மூடிக்கினுதான் இருந்தேன், காது கேக்குதே.”

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. “பரவால்லக்கா, பாப்போம்” என்று மறுபடி ஓட விட்டேன்.

புருஷன் மேசையில் உட்காருகிறான். மூத்தவள் சோறும் மீனும் வைக்கிறாள். அவன் சாப்பிடுகிறான். அவள் தட்டை எடுத்துப் போய்க் கழுவுகிறாள். அவ்வளவுதான், தொடர் முடிந்தது. அவன் இருப்பானா, போவானா என்று சொல்லவே இல்லை.

“இதெல்லாம் ஒரு முடிவா?” என்றேன். “ரெண்டு மாசம் காத்திருந்து பாத்தா, நடுவுல அறுத்து வுட்ட மாதிரி இருக்கு.”

“முடிச்சுட்டாங்களே. அவன் போயிடுவான்.”

“அப்படி எங்கக்கா சொன்னாங்க?”

“கழுவுன தட்ட எங்க வெச்சா பாரு. அவளும் தங்கச்சியும் சாப்புடுற தட்டு அடுப்பாண்ட இருக்கும். இத கடைக்கு வர்றவங்க தட்டோட வெச்சுட்டா.”

பின்னால் தள்ளிப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே ஒரு பலகையில் இரண்டு தட்டுகள். அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாசல் பக்கம் அடுக்கி வைத்திருந்த தட்டுகளின் மேல் இதையும் வைத்தாள். நான் அதை வெறும் தட்டாகத்தான் பார்த்திருந்தேன்.

அன்று மதியம் அலுவலகத்தில் முடிவைப் பற்றிப் பேச்சு எழுந்தது. இந்த முறை நான் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. தட்டை எங்கே வைத்தாள் என்று கவனித்தீர்களா என்று ஆரம்பித்து, என் சொந்தக் கருத்தைப் போலவே முழுசாகச் சொன்னேன். நான்கு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒருவர், “நீங்க விமர்சனமே எழுதலாம் மேடம்” என்றார்.

மறுநாள் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சாக்குப் பையைக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டே, “சொன்னா சொல்லிக்கோ. அடுத்தது இன்னா வெச்சிருக்க?” என்றார்.