ஒரு பிரேம் காலி

பிரிக்பீல்ட்ஸ் கண்காட்சிக் கூடத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். கையில் சுத்தியல். ஆமாம், வேலையை விட்டுவிட்டேன்... மறுபடியும்!

கண்காட்சிக்குப் பிரேம் மாட்டும் வேலை. அடிமை உழைப்பைப் பற்றிய பழைய கடிதங்கள், டைரிகள், கீழே தமிழ் விளக்கம். எல்லாம் வெள்ளைக்காரத் துரைமார் எழுதியவை. போர்க் காலத்தில் ஜப்பான்காரன் நம்மவர்களைச் சயாம் ரயில் பாதை போட இழுத்துப்போனதைச் சொல்லும் பகுதியிலும் வெள்ளைக்காரக் கைதிகளின் டைரிதான்.

"நம்ம ஆளுங்க எழுதுனது எங்கம்மா?" என்று பொறுப்பாளர் பெண்ணிடம் கேட்டேன்.

"கிடைக்கல அண்ணே. தோட்டத்து ஆளுங்க எங்க எழுதி வச்சாங்க லா?"

"ஒரு பிரேமைக் காலியா வைம்மா. திறப்பு விழாவுக்குள்ள வரேன்."

"அப்ப ஆணி யாரு அடிக்கிறது?"

சுத்தியலோடு தோட்டப்புற ஊரான ஜெஞ்சாரோமுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ராஜம்மா ஆன்டி இருக்கிறார். அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நான் வேலை செய்த காலத்தில் எனக்குச் சோறு போட்டவர். அவருடைய அப்பா சயாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். சயாமில் அப்பா பென்சிலால் எழுதிய நோட்டு ஆன்டி வீட்டுச் சாமி மேடையில் இருக்கும். அதில் அவர் அங்கே புதைத்த கூட்டாளிகளின் பெயர்கள். வருடா வருடம் படையலில் அதைச் சத்தமாகப் படிப்பார்கள்.

"ஒரு வாரம் குடுங்க ஆன்டி. பத்திரமா திருப்பிக் கொண்டாந்துடுறேன்."

ஆன்டி முறைத்தார். "அப்பாவையும் இதையே சொல்லித்தான் தம்பி லோரில ஏத்துனாங்க."

வேறென்ன செய்ய? போனில் படம் எடுத்துப் பார்த்தேன். மங்கிய பென்சில்... வெறும் மஞ்சள் தாள்தான் விழுந்தது.

"எனக்குக் கண்ணு தெரியல. பிள்ளைங்க மலாய்ப் பள்ளி. போன படையல்ல யாருமே படிக்கல. உனக்குத் தமிழ் வருமா?" என்றார் ஆன்டி.

ஆறாம் வகுப்போடு ஓடியவன் நான். "வரும் ஆன்டி."

"கையைக் கழுவிட்டு உக்காரு. படி, எழுதிக்க. நோட்டு வாசப்படி தாண்டாது."

படித்தேன். 'மாரிமுத்து. பாலத்துக்கு மேற்கே. தலைமாட்டில் மூங்கில் நட்டேன். நல்லாப் பாடுவான்.'

எழுதி வைக்காதவர்களா நம்மவர்கள்? பசியிலும் காய்ச்சலிலும் பென்சிலை ஒளித்து வைத்தவர்கள்! துரைமாரின் தாளில் கூட்டமாகப் போனவர்களுக்கு இங்கே ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு குணம். என் ஆறு வருடப் படிப்பு இவ்வளவு உயரமா என்று அன்றுதான் தெரிந்தது.

இருட்டுவதற்குள் இரண்டு பக்கம்தான் எழுத முடிந்தது. இன்னும் முப்பது இருந்தது; பிரேம் காத்திருக்கட்டும்.

பகலில் வேலை, மாலையில் நோட்டு என்று முடிவு செய்து, மறுநாள் காலை பக்கத்துத் தோட்டத்தில் லோரிக்குச் செம்பனைக் குலை ஏற்றும் வேலைக்குப் போனேன்.

"எத்தனை நாள் இருப்ப?" என்றார் தோட்டத்துக் கங்காணியான மண்டோர்.

"கடைசிப் பக்கம் வரைக்கும்" என்றேன்.