சாயம் குடித்த கொடி

அபூர்வக் கொடி என்று தேடிப்பிடித்துக் கூரியரில் வரவழைத்த ரங்கூன் மல்லி, நேற்று மாலை வெள்ளையாகப் பூத்தது. சிவப்பு கேட்ட என்னை ஏமாற்றிவிட்டதாக நர்சரிக்காரரிடம் போனில் கத்தினேன்.

"காலையில பாருங்க சார்," என்றார்.

போனை வைத்ததும் வாசனை வந்தது. கூடவே, இன்று பைக் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் தெருப் பட்டுச் சாயப்பட்டறையும், அதன் அண்டாக்களின் ஆவியும், ஈரப் பட்டை உதறும் சத்தமும், சாயத்தண்ணீர் ஓடிய கால்வாயும், அதன் கரையில் கூரையேறிக் கிடந்த இதே கொடியும் வந்தன. மாலையில் வெள்ளையாக விரிந்த பூ காலையில் சிவந்திருக்கும்.

"ராத்திரியெல்லாம் என் சாயத்தைக் குடிச்சிக்கினு இருக்குதுபா," என்பார் பட்டறை மாமா.

தாவரவியலில் பட்டம் வாங்கிய பிறகும் அதை நம்பியவன் நான்.

இன்று காலை, வெறும் குழாய்த்தண்ணீர் குடித்த என் கொடி சிவந்து நின்றது. மாமா இருந்திருந்தால் அசந்திருக்க மாட்டார்: "நம்ம கொடியோட பேத்தியா இருக்கும்பா. சாயம் ரத்தத்துலயே இருக்குது."