டால்பின் வயிற்றுக் கல்லும் பவுனம்மாளும்

2023 மார்ச் 11, சனிக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. மலேசியாவின் கிள்ளான் பாசாரில், மீன்சந்தைப் பகுதியில், பவுனம்மாளை முதன்முதலாகச் சந்தித்தபோது நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தேன்.

"அங்கிள், சென்ட்டு அடிச்சிருக்கீங்களா? மீனெல்லாம் மயங்கிடும் லா" என்றார்.

தெலுக் பங்லிமா காராங்கில் பிறந்தவர். இருபத்தாறு ஆண்டுகளாக இங்கே மீன் வெட்டித் தருகிறார். இது சம்பலுக்கு, இது புளிக்குழம்புக்கு என்று அவரே முடிவு செய்து துண்டு போடுவார். மறுத்தவர் எவரும் இலர்.

என் தங்கை மகள் நிரஞ்சனி கடலுயிர் ஆய்வாளர். கரையொதுங்கிய டால்பின் ஒன்றின் வயிற்றில் கிடைத்த வெண்கற்களை டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். டால்பின் மீனை மெல்லாது. தலை முன்னே போகுமாறு முழுதாக விழுங்கும். சதை செரித்த பின்னும் மீனின் காதுக்கல் சில நாள் எஞ்சும். விலையுயர்ந்த வவ்வால் மீனை டால்பின்களே தின்றுதீர்ப்பதாக மீனவர்கள் குற்றம் சாட்டினர். அது மெய்யானால், டால்பின்கள் இரைதேடும் முகத்துவாரத்தில் வலை விரிக்காதிருக்குமாறு, மீனவர்களுடனான திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் கேட்கவே முடியாது.

அறிக்கையை எழுதித்தர ஒப்புக்கொண்ட நான், படங்களை ஒப்பிட்டு, அவை வவ்வாலின் கற்களே என்று முடிவுகட்டியிருந்தேன். நிரஞ்சனிக்கு ஐயம்; அதனால்தான் மீன் வெட்டுபவரிடமே கேட்க வந்திருந்தோம்.

"வவ்வாலா? யாரு சொன்னது?" பவுனம்மாள் ஒரு கல்லை உள்ளங்கையில் உருட்டினார்.

"மாமாதான், அக்கா" என்றாள் நிரஞ்சனி, சற்றும் தயங்காமல்.

"அங்கிள் வவ்வால் சாப்பிட்டிருக்கீங்களா?"

"நான் சைவம்."

"அப்புறம் டால்பின் சாப்பிட்டது மட்டும் எப்படித் தெரியும்? வந்து சொல்லிச்சா? வவ்வால் தலையில கல்லு எள்ளு மாதிரி இருக்கும். இது கெலாமா லா, மலிவு மீனு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கெலாமாவா இருந்தா, ஒருநாள் காலைல பூரா இங்க உட்கார்ந்து நானே செதில் எடுக்கிறேன்."

"ஏய் லோகேஸ்வரி, கேட்டுக்கோ!" என்று பக்கத்துக் கடைக்காரியைச் சாட்சிக்கு அழைத்தார்.

கெலாமாத் தலையொன்று இரண்டாகப் பிளந்தது. அதிலிருந்து எடுத்த கல்லும் டப்பாக் கல்லும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தன. அடுத்து ஒரு வவ்வால் தலை. அதன் கல்லைக் காண என் கண்ணாடி போதவில்லை. டப்பாவிலிருந்த முப்பத்தெட்டில் முப்பத்தைந்து கெலாமா. மீதி மூன்றும் வவ்வால் அல்ல.

அறிக்கையைத் திருத்தினேன். திங்களன்று மீனவர்கள் கற்களைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு, முகத்துவாரத்தை அந்தப் பருவம் முழுவதும் விட்டுவைக்க இசைந்தனர்.

மறுவாரம், சொன்னபடி செதில் எடுக்க, பழைய சட்டையோடு பாசாருக்குச் சென்றேன்.

"இன்னிக்குக் கத்தி மொட்டை, அங்கிள். அடுத்த வாரம் பார்ப்போம்."

அடுத்த வாரம், செதிலில்லாத மீன்களே வந்திருப்பதாகச் சொன்னார்; அவர் முழங்கைவரை செதில்கள் மின்னிக்கொண்டிருந்தன.

இன்றுவரை அவர் என்னைச் செதில் எடுக்கும் பலகையில் உட்காரச் சொல்லவில்லை. என்னைக் காணும்போதெல்லாம், "நம்ம கடையில வேலைக்குச் சேரப்போறவரு" என்று வாடிக்கையாளர்களுக்கு அறிமுகப்படுத்துவதோடு சரி.